மின்சார வண்டி கடந்து வந்த பாதை

ஜொகூர் மாநிலத்தின் போக்குவரத்து வரலாற்றில் கறையானுக்கும் ஓர் இடம் உண்டு. பின்னாளில் சுல்தானாக முடிசூடிய மகாராஜா அபு பாக்கார், 1869ஆம் ஆண்டில் ஜொகூர் பாருவிலிருந்து குனோங் பூலாய் மலையை நோக்கி ஒரு ரயில்பாதை அமைக்கும் பணியைத் தொடங்கி வைத்தார். இரும்பைக் கப்பலேற்றி வரவழைக்க வேண்டிய காலம் அது; மரமோ கைக்கெட்டும் தூரத்தில் காடு காடாக நின்றது. ஆகவே தண்டவாளங்களும் மரத்தாலேயே போடப்பட்டன. நோக்கம் உயர்ந்தது, முயற்சியும் துணிவானது. ஆயினும் வெப்ப மண்டலத்து ஈரமும் கறையானும் அந்தப் பாதையை நிலைக்க விடவில்லை. திட்டம் கைவிடப்பட்டது.

ஏறத்தாழ 40 ஆண்டுகள் கழித்து, 1909ஆம் ஆண்டில், கிம்மாசிலிருந்து ஜொகூர் பாரு வரை இரும்புப் பாதை முற்றுப்பெற்றது. மலாயாவின் ரயில்பாதைகளுக்காகக் காடு திருத்தி, கல் பரப்பி, கட்டை சுமந்தவர்களுள் தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையினர் என்பதை வரலாறு மறந்துவிட முடியாது. 1924ஆம் ஆண்டு ஜூன் திங்களில் சிங்கப்பூரையும் ஜொகூர் பாருவையும் இணைக்கும் கடற்பாலம் முறைப்படி திறக்கப்பட்டது. மரப்பாதை காணாத வாழ்வை இரும்புப் பாதை கண்டது.

இவ்விரு முயற்சிகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்போர்க்கு ஓர் உண்மை புலப்படும். வண்டி எத்துணைச் சிறப்புடையதாயினும், அதைத் தாங்கும் பாதை உறுதியாக இல்லையேல் அது நெடுந்தூரம் போகாது. எரிபொருள் கிடைக்கும் இடம், பழுது பார்க்கும் கை, வாங்குவோரின் வருவாய், அரசின் கொள்கை ஆகிய அனைத்தும் சேர்ந்ததே ஒரு வண்டியின் பாதையாகும். மின்சாரக் கார் நடைமுறைக்கு ஒத்துவருமா, அதற்கு எதிர்காலம் உண்டா என்று மலேசியாவில் எழுந்துள்ள வினாவையும் இந்த அளவுகோல் கொண்டே ஆராய்தல் தகும். ஏனெனில் மின்சாரக் கார் நேற்று முளைத்த பொருளன்று. ஒருமுறை வந்து, செல்வாக்குப் பெற்று, வீழ்ந்து, மறுபடியும் வந்திருக்கும் பழைய பொருள் அது.

முதல் வருகை

1859ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிவியலறிஞர் காஸ்தோன் பிளாந்தே, மீண்டும் மீண்டும் மின்னூட்டம் செய்யத்தக்க ஈய அமில மின்கலத்தை உருவாக்கினார். 1881ஆம் ஆண்டில் கமீல் ஃபோர் அதைச் செம்மைப்படுத்தினார். அதே ஆண்டில் குஸ்தாவ் துருவே என்பவர் பாரிஸ் நகரத்துச் சாலையில் மின்சார மூன்று சக்கர வண்டி ஒன்றை ஓட்டிக் காட்டினார். ஜெர்மானியரான கார்ல் பென்ஸ் தம் பெட்ரோல் வண்டிக்குக் காப்புரிமை பெற்றது 1886ஆம் ஆண்டில்தான். பெட்ரோல் காரே மூத்தது, மின்சாரக் கார் இளையது என்ற பொதுவான எண்ணம் இதனால் பொய்யாகிறது.

1897ஆம் ஆண்டில் லண்டன் மாநகரில் மின்சார வாடகை வண்டிகள் ஓடின. 1899ஆம் ஆண்டில் பெல்ஜிய நாட்டவரான கமீல் ஜெனாட்சி, நீர்மூழ்கிக் குண்டு போன்ற வடிவில் அமைந்த மின்சாரக் காரில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைக் கடந்தார். தரையில் ஓடும் கார் ஒன்று அவ்வேகத்தைத் தொட்டது அதுவே முதன்முறை. 1900ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் உருவான 4,192 தானியங்கி வண்டிகளுள் 1,681 நீராவியாலும், 1,575 மின்சாரத்தாலும், 936 மட்டுமே பெட்ரோலாலும் ஓடின எனக் கணக்கெடுப்புக் கூறுகிறது.

அக்காலத்தில் பெட்ரோல் வண்டியை இயக்குவது ஒரு போராட்டமாகவே இருந்தது. முன்புறத்தில் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுழற்ற வேண்டும். சற்றுத் தவறினால் அது திருப்பி அடித்துக் கையை முறித்துவிடும். புகையும் இரைச்சலும் தனி. மின்சாரக் காரிலோ விசையைத் திருப்பினால் போதும். பெட்ரோல் கார்களால் உலகப் புகழ் பெற்ற ஹென்றி ஃபோர்டின் துணைவியார் கிளாராவே ஒரு மின்சாரக் காரைத்தான் ஓட்டி வந்தார் என்பது வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று.

இத்தகைய வண்டி ஏன் வீழ்ந்தது? காரணங்கள் பல திசைகளிலிருந்து வந்தன. 1901ஆம் ஆண்டில் டெக்சாஸ் மாநிலத்தில் எண்ணெய் பீறிட்டெழுந்ததால் பெட்ரோல் மலிந்தது. 1908ஆம் ஆண்டில் ஃபோர்டு நிறுவனம் ‘மாடல் டி’ காரை வெளியிட்டு, பின்னர் பெருந்திரள் உற்பத்தி முறையால் அதன் விலையை ஆண்டுக்காண்டு குறைத்தது. 1912ஆம் ஆண்டில் சார்லஸ் கெட்டரிங் அமைத்த மின்சாரத் தொடக்கி, கைப்பிடி சுழற்றும் தொல்லையை ஒழித்தது. பெட்ரோல் காரின் பெருங்குறையை நீக்கியதே ஒரு மின்சாரக் கருவிதான். அந்நாளில் ஒரு மின்சாரக் கார் 1,750 டாலருக்கு விற்க, பெட்ரோல் கார் 650 டாலருக்குக் கிடைத்தது. நகரங்களுக்கிடையே நெடுஞ்சாலைகள் அமைந்தபோது, நாட்டுப்புறத்தில் மின்சாரம் இல்லை. பெட்ரோலையோ தகரக் குவளையில் அடைத்து எந்தக் கடையிலும் விற்கலாம். 1930களில் மின்சாரக் கார் சாலைகளினின்றும் ஏறக்குறைய மறைந்தேவிட்டது. பின்னே இருந்த பாதை பெட்ரோலுக்கு வாய்த்தது, மின்சாரத்துக்கு வாய்க்கவில்லை.

கம்பியில் ஓடிய காலம்

தனியார் கார் மறைந்தாலும் மின்சார வண்டி முற்றாக அழியவில்லை. மின்கலத்தைச் சுமக்காமல் கம்பியிலிருந்து மின்சாரம் பெற்று ஓடும் முறை நகரங்களில் நிலைத்தது. அதில் தமிழகத்துக்கு முன்வரிசையில் ஓர் இடம் உண்டு. இந்தியாவின் முதல் மின்சார டிராம், 1895ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் சென்னையில் ஓடத் தொடங்கியது. முதலில் தரையடிக் கால்வாயில் பதித்த கம்பியிலிருந்து மின்சாரம் பெறப்பட்டது. சென்னையின் பருவமழை அம்முறைக்கு ஒத்துவரவில்லை; ஆகவே கம்பி தலைக்கு மேலே சென்றது. வெளிநாட்டில் வெற்றி கண்ட பொறியை அப்படியே கொண்டுவந்து நட்டால் போதாது, உள்ளூர் மண்ணையும் மழையையும் அறிந்து மாற்ற வேண்டும் என்பதற்கு அது நல்ல சான்று. சென்னை டிராம் 58 ஆண்டுகள் ஓடி, 1953ஆம் ஆண்டில் நின்றது.

மலாயாத் தீவகற்பத்தின் இரு முனைகளிலும் இதே கதை நடந்தது. சிங்கப்பூரில் 1905ஆம் ஆண்டு முதல் 1927ஆம் ஆண்டு வரை மின்சார டிராம் ஓடியது. 1926ஆம் ஆண்டு முதல் 1962ஆம் ஆண்டு வரை, தண்டவாளமின்றி மேல்கம்பியின் துணையால் மட்டும் ஓடும் மின்சாரப் பேருந்துகள் ஓடின. பினாங்கில் 1906ஆம் ஆண்டில் டிராமும் 1925ஆம் ஆண்டில் மின்சாரப் பேருந்தும் வந்தன. 1936ஆம் ஆண்டில் டிராமும் 1961ஆம் ஆண்டில் மின்சாரப் பேருந்தும் விடைபெற்றன. டீசல் பேருந்து கம்பியை நாடாமல் எந்தத் தெருவிலும் திரும்பும். நகரம் விரிய விரிய அதுவும் விரியும். கம்பியோ நட்ட கம்பத்தோடு நின்றுவிடும். அதனால்தான், ஓசையும் புகையுமற்ற ஒரு வண்டியை நகரங்கள் கைவிட்டன.

அக்காலத்து ஜொகூர்த் தோட்டப்புறங்களின் நிலையையும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். மத்திய மின்சார வாரியம் 1949ஆம் ஆண்டில்தான் மலாயாவில் நிறுவப்பட்டது. அது 1965ஆம் ஆண்டில் தேசிய மின்சார வாரியமாகி, 1990ஆம் ஆண்டில் தெனாகா நேஷனல் நிறுவனமாயிற்று. வாரியம் பிறந்த பின்னரும் நெடுங்காலம், பல தோட்டங்களில் நிருவாகத்தின் மின்னாக்கி மாலையில் சில மணி நேரமே ஓடும். அது நின்றதும் லயன் வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்குத்தான். நகரத்தில் பேருந்தை ஓட்டிய மின்சாரம், பால்மரக் காட்டில் பிள்ளையின் பாடநூலுக்கு வெளிச்சம் தரவும் எட்டவில்லை. புதுமை எல்லாருக்கும் ஒரே நாளில் வருவதில்லை என்பதைத் தோட்டத் தமிழர் பட்டறிந்தவர்.

மின்கலம் மாறிய கதை

மின்சாரக் காரின் தளை மோட்டாரில் இல்லை, மின்கலத்தில் இருந்தது. ஈய அமில மின்கலம் கனத்தது; கனத்துக்கேற்ற ஆற்றலைச் சேமிக்காது. 1970களில் ஸ்டான்லி விட்டிங்ஹாம் லித்தியம் என்னும் மிக இலேசான உலோகத்தைக் கொண்டு புதுவழி கண்டார். 1980ஆம் ஆண்டில் ஜான் குட்இனஃப் அதன் ஆற்றலைப் பெருக்கினார். 1985ஆம் ஆண்டில் அகிரா யோஷினோ அதைப் பாதுகாப்பான வடிவுக்குக் கொணர்ந்தார். 1991ஆம் ஆண்டில் சோனி நிறுவனம் லித்தியம் அயனி மின்கலத்தை வாணிபப் பொருளாக்கியது. மூவருக்கும் 2019ஆம் ஆண்டில் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. கைப்பேசிக்கும் படப்பதிவுக் கருவிக்கும் பயன்பட்ட அந்தக் கலமே, ஆயிரக்கணக்கில் அடுக்கப்பட்டுக் காரின் அடிவயிற்றில் அமர்ந்தது.

இடைப்பட்ட காலத்தில் தமிழ் மண்ணை ஒட்டியும் ஒரு முயற்சி நடந்தது. கேரளத்துச் சாலக்குடியிலும் கோயம்புத்தூரிலும் இயங்கிய எடி நிறுவனம், ஜப்பானின் யஸ்காவா நிறுவனத்தின் துணையோடு ‘லவ்பேர்ட்’ என்னும் இருவர் அமரும் மின்சாரக் காரை 1993ஆம் ஆண்டில் வெளியிட்டது. ஒருமுறை மின்னூட்டினால் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் ஓடும். ஆயினும் அது பரவவில்லை. மின்வெட்டு மலிந்திருந்த காலம் அது. ஈய அமில மின்கலமோ எளிதில் தளர்ந்துவிடும். அரசின் ஊக்கமும் நீடிக்கவில்லை. 2001ஆம் ஆண்டில் பெங்களூரில் பிறந்த ‘ரேவா’ சற்றுக் கூடுதலாக வாழ்ந்தது. லண்டன் தெருக்களிலும் ஓடியது. 2010ஆம் ஆண்டில் மகிந்திரா நிறுவனத்தின் கைக்குச் சென்றது.

அன்று தவறிய வாய்ப்பைத் தமிழகம் பின்னர் வேறு வடிவில் பற்றிக்கொண்டது. ஓசூரிலும் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் மின்சார இருசக்கர வண்டித் தொழிற்சாலைகள் எழுந்தன. 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு திங்களில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் நிறுவனம் தூத்துக்குடியில் மின்சாரக் கார்த் தொழிற்சாலையைத் திறந்தது. முதல் முயற்சியின் தோல்வி ஒரு தொழிலின் முடிவாகாது என்பதற்கு இவை சான்றாகும்.

மலேசியாவின் முயற்சி

1983ஆம் ஆண்டில் புரோட்டோன் நிறுவனமும் 1993ஆம் ஆண்டில் பெரோடுவா நிறுவனமும் தோன்றியபின், சொந்தக் கார் என்பது மலேசியத் தொழிலாளிக்கும் எட்டக்கூடியதாயிற்று. அதே இரு நிறுவனங்களும் இப்போது மின்சாரத்துக்குத் திரும்பியுள்ளன. 2022ஆம் ஆண்டு தொடக்கம் முதல், வெளிநாட்டிலிருந்து முழுமையாக இறக்குமதியாகும் மின்சாரக் கார்களுக்கு 2025ஆம் ஆண்டு இறுதி வரை அரசு வரிவிலக்கு அளித்தது. உள்நாட்டில் பூட்டப்படும் கார்களுக்கு அச்சலுகை 2027ஆம் ஆண்டு இறுதி வரை என அறிவிக்கப்பட்டது. 2024ஆம் ஆண்டு டிசம்பரில் புரோட்டோனின் முதல் மின்சாரக் கார், 100,000 வெள்ளிக்கு மேற்பட்ட விலையில் வெளிவந்தது. 2025ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் வந்த அதன் சிறிய தம்பியின் தொடக்க விலை 60,000 வெள்ளிக்குச் சற்றுக் குறைவு. அடுத்த டிசம்பரில் பெரோடுவா தன் முதல் மின்சாரக் காரை 80,000 வெள்ளிக்கு அறிவித்தது. ஆனால் மின்கலம் அவ்விலையில் அடங்காது. அதற்கு மாதம் 275 வெள்ளி வாடகை என்பது திட்டம்.

2025ஆம் ஆண்டுக்குள் நாடெங்கும் 10,000 பொது மின்னூட்டு இடங்கள் அமைய வேண்டும் என அரசு இலக்கு வகுத்தது. அவ்வாண்டு முடிந்தபோது ஏறத்தாழப் பாதியளவே அமைந்திருந்தன. வண்டி முன்னே ஓட, பாதை பின்தங்கும் பழைய கதை இங்கும் தலைகாட்டுகிறது.

ஜொகூரின் கணக்கு

ஒரு பொருள் நடைமுறைக்கு உகந்ததா என்பதைப் பேச்சால் முடிவு செய்வதைவிடக் கணக்கால் முடிவு செய்வது நன்று. ஜொகூர் பாருவிலிருந்து கோலாலம்பூர் ஏறத்தாழ 330 கிலோமீட்டர். புரோட்டோனின் சிறிய மின்சாரக் கார், மின்கலத்தின் அளவுக்கேற்ப, சோதனைக் கணக்குப்படி 225 அல்லது 325 கிலோமீட்டர் ஓடக்கூடியது. நெடுஞ்சாலையில் விரைந்தோட்டம், குளிர்சாதனம், நான்கு பேர், மூட்டை முடிச்சு என்று சேர்ந்தால் இது இன்னும் குறையும். ஆகவே தலைநகர் செல்வோர் வழியில் ஒருமுறையேனும் நின்று மின்னூட்டியாக வேண்டும். விரைவு மின்னூட்டக் கருவி இருந்தால் அரைமணி அளவில் அது முடிந்துவிடும். தேநீரும் ஓய்வும் எடுக்கும் நேரமே. தங்காக் முதலிய இடங்களில் அத்தகைய கருவிகள் நிறுவப்பட்டுள்ளன. ஆனால் தீபாவளி, நோன்புப் பெருநாள் நாள்களில் நெடுஞ்சாலையே கார்களால் நிரம்பும்போது, ஒரு கருவியின் முன் ஐந்து கார் வரிசை பிடித்தால் அரைமணி இரண்டரை மணியாகும்.

அன்றாடப் பயணத்தின் கணக்கு வேறு. மாசாயிலிருந்து பாசீர் கூடாங்குக்கோ, கூலாயிலிருந்து ஜொகூர் பாருவுக்கோ வேலைக்குச் சென்று திரும்புவோர் பெரும்பாலும் நாளொன்றுக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை. இரவில் வீட்டில் மின்னூட்டினால் சில நாளுக்குப் போதும். சிறிய பெட்ரோல் கார் 100 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 6 லிட்டர் குடிக்கும். 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 30 முதல் குடிமக்களுக்கு லிட்டர் 1 வெள்ளி 99 சென் என நிர்ணயிக்கப்பட்ட உதவி விலையில் அது 12 வெள்ளிக்குச் சற்றுக் குறைவு. அதே தூரத்துக்கு மின்சாரக் காருக்கு ஏறத்தாழ 15 அலகு மின்சாரம் வேண்டும். வீட்டு மின்சாரம் அலகு 50 சென் என்று வைத்தால் 7 வெள்ளி 50 சென். பொது விரைவு நிலையத்தில் அலகு 1 வெள்ளி 20 சென் என்று வைத்தாலோ 18 வெள்ளி.

இந்த மூன்று எண்களுக்குள்ளேதான் மின்சாரக் காரின் மலேசிய எதிர்காலம் அடங்கியிருக்கிறது. தன் வீட்டு வாசலில் காரை நிறுத்தி மின்னூட்ட வல்லவனுக்கு அது பெட்ரோலைவிட மலிவு. வாசலற்றவனுக்கு அது பெட்ரோலைவிடச் செலவு மிக்கது. பணம் உள்ளவனுக்குக் குறைந்த செலவும், இல்லாதவனுக்குக் கூடிய செலவும் என்றால், அதைப் பொதுமக்களின் வண்டி எனல் பொருந்தாது.

வாசலற்ற வீடுகள்

தோட்டங்களை விட்டு வெளியேறிய தமிழ்க் குடும்பங்களுள் பல, நகர்ப்புறக் குறைந்த விலை அடுக்குமாடிகளில் குடியேறின. ஐந்தாம் மாடியில் வீடு, கீழே பொது நிறுத்துமிடம், இடம் கிடைத்த நாளில் கிடைத்த மூலையில் கார் என்பதே அங்குள்ள நிலை. ஐந்தாம் மாடிச் சன்னலிலிருந்து நீள்கம்பி தொங்கவிட்டு மின்னூட்ட இயலாது; முயன்றால் தீ விபத்துக்கு வழி. குடியிருப்பு நிருவாகமும் தெனாகா நேஷனலும் ஊராட்சியும் கூடி, அளவுக்கருவி பொருத்திய மின்னூட்டு இடங்களைக் கீழ்த்தளத்தில் அமைத்து, வீட்டு விலைக்கு நெருங்கிய விலையில் மின்சாரம் வழங்கினாலன்றி இக்குடும்பங்களுக்கு மின்சாரக் கார் எட்டாக் கனியே.

விலையையும் நோக்குதல் வேண்டும். 2025ஆம் ஆண்டில் நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. 60,000 வெள்ளிக் கார் என்பது ஏறத்தாழ மூன்றாண்டு முழுச் சம்பளம். 2023ஆம் ஆண்டில் 22,000 வெள்ளிக்குப் பெட்ரோல் கார் ஒன்று சந்தைக்கு வந்த நாட்டில், எளியவர் எதை நாடுவர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு உதவி விலைப் பெட்ரோல் 120 வெள்ளியளவில் முடியும்போது, மின்கல வாடகையாக மாதம் 275 வெள்ளி என்பதும் எளியவர் இருமுறை எண்ண வேண்டிய தொகையே. பழைய காரை வாங்கிப் பழக்கப்பட்டவர்க்கு இன்னொரு ஐயமும் உண்டு: எட்டாண்டு ஓடிய மின்சாரக் காரின் மின்கலம் எத்தனை நாள் தாங்கும்? வெப்பம் மின்கலத்தின் ஆயுளைக் குறைக்கும் தன்மையது; ஜொகூரிலோ ஆண்டு முழுதும் வெப்பமே.

எனினும் நான்கு சக்கரத்தையே எண்ணிக்கொண்டு இரண்டு சக்கரத்தை மறத்தலாகாது. விடியுமுன் ஜொகூர்ப் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்லும் பல்லாயிரவர் மோட்டார் சைக்கிளில் செல்பவர். மின்சார மோட்டார் சைக்கிளின் மின்கலம் சிறியது. சிலவற்றில் அதைக் கழற்றி மாடிக்கே எடுத்துச் செல்லலாம். நிலையத்தில் கொடுத்து, மின்னூட்டிய வேறொன்றை மாற்றிக்கொள்ளவும் முறைகள் உள்ளன. 2024ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் மின்சார மோட்டார் சைக்கிள் வாங்குவோர்க்கு 2,400 வெள்ளி வரை உதவித்தொகை அறிவிக்கப்பட்டது. வாசலற்றவர்க்கு முதலில் பயன்படக்கூடிய மின்சார வண்டி இதுவாகவே இருக்கலாம்.

புகை எங்கே போகிறது?

மின்சாரக் காரில் புகைக்குழாய் இல்லை. ஆனால் அந்த மின்சாரம் எங்கே பிறக்கிறது என்று கேட்பதும் முறையே. ஜொகூரின் பொந்தியான் மாவட்டத்தில் தஞ்சோங் பின் அனல்மின் நிலையம் நிலக்கரியை எரித்து 3,000 மெகாவாட்டுக்கு மேல் ஆக்கவல்லது. தீபகற்ப மலேசியாவின் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியாலும் இயற்கை எரிவாயுவாலும் ஆக்கப்படுகிறது. அவ்வாறாயின் புகை இடம் மாறியதன்றி ஒழியவில்லை என்பர் சிலர். அவ்வாதத்தில் ஓரளவே உண்மையுண்டு. பெட்ரோல் இயந்திரம் தான் எரிக்கும் ஆற்றலில் ஏறத்தாழக் கால்பங்கையே சக்கரத்துக்குத் தருகிறது. எஞ்சியது வெப்பமாக வீணாகிறது. மின்சார மோட்டாரோ பெற்றதில் முக்கால் பங்குக்கு மேல் தருகிறது. மேலும், ஒரு நிலையத்தின் புகைபோக்கியைச் சீர்ப்படுத்துவது பல இலட்சம் புகைக்குழாய்களைச் சீர்ப்படுத்துவதைவிட எளிது. நாளை அந்நிலையத்தின் இடத்தில் சூரிய ஒளி வந்தால், கார் அதுவாகவே தூய்மையாகிவிடும்.

மின்சாரத்துக்குப் போட்டியும் பெருகியுள்ளது. கூலாய் வட்டாரத்துச் செடெனாக் முதலிய இடங்களில் எழுந்துள்ள தரவு மையங்கள் இரவும் பகலும் மின்சாரம் உண்பவை. கார்களும் அவற்றோடு பந்தியில் அமரும்போது, ஆக்கமும் வலையமைப்பும் அதற்கேற்ப வளர்ந்தாக வேண்டும்.

அண்டை நாடான சிங்கப்பூர் 2025ஆம் ஆண்டு முதல் புதிய டீசல் கார்களின் பதிவை நிறுத்தியது. 2030ஆம் ஆண்டுக்குள் 60,000 மின்னூட்டு இடங்களை இலக்காகக் கொண்டது. 1991ஆம் ஆண்டு முதல் சிங்கப்பூர்க் கார்கள் முக்கால் தொட்டி பெட்ரோலின்றி எல்லை கடக்கலாகாது என்பது விதி. மின்சாரக் காருக்கு அவ்விதி பொருந்தாது. அக்கார்கள் பெருகப் பெருக, ஜொகூரின் கடைத்தெருக்களும் உணவகங்களும் மின்னூட்டு வசதியையும் ஒரு வாணிபமாக நோக்க நேரும்.

பட்டறையின் நாளை

இம்மாற்றத்தில் தமிழர்க்கு மிக நெருக்கமான கூறு ஒன்றுண்டு. ஜொகூரின் சிறு நகரங்களில் மோட்டார் பட்டறை நடத்திப் பிழைக்கும் தமிழர் பலர். ஏட்டுக் கல்வியில் பின்தங்கிய பிள்ளையைப் பட்டறையில் விட்டால் கைத்தொழில் கற்றுப் பிழைத்துக்கொள்வான் என்பது பெற்றோர் பலரின் கடைசி நம்பிக்கை. பெட்ரோல் இயந்திரத்தில் அசையும் உறுப்புகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. மின்சார மோட்டாரில் அவை மிகச் சிலவே. இயந்திர எண்ணெய் மாற்றுதல், தீப்பொறிச் செருகி, புகைக்குழாய், கியர்ப்பெட்டி என்று பட்டறையின் அன்றாட வருவாய் தரும் வேலைகள் அங்கே இல்லை. டயர், தடை, அதிர்வு தாங்கி, குளிர்சாதனம், தகர வேலை ஆகியவை இருக்கும். கூடவே, நூற்றுக்கணக்கான வோல்ட் அழுத்தமுள்ள மின்கலம் இருக்கும். பயிற்சியின்றித் தொட்டால் உயிருக்கே கேடு.

சமுதாயம் இத்தகைய திருப்பங்களை முன்பும் கண்டதுண்டு. 1957ஆம் ஆண்டு முதல் மலாயா ரயில்வேயில் டீசல் இயந்திரங்கள் வரத் தொடங்கி, நீராவி இயந்திரங்கள் படிப்படியாக விலகின. கரியள்ளிப் போட்ட கைகளுக்கு அத்தொழில் இல்லாது போயிற்று. புதிய பொறியைக் கற்றவரே அங்கு நிலைபெற முடிந்தது. 1950களிலும் 1960களிலும் நடந்த தோட்டத் துண்டாடலோ வேறு பாடம் புகட்டியது. மாற்றம் வாசலுக்கு வந்து நின்றபோதும் மாற்றுத் தொழில் இல்லாதிருந்த குடும்பங்கள் பட்ட துயரை முதியோர் அறிவர். முன்னதில் கற்றுக்கொள்ளக் காலம் இருந்தது, பின்னதில் இல்லை. மின்சாரக் கார் காலம் கொடுக்கும் மாற்றமாகும். இன்று சாலையில் உள்ள பெட்ரோல் கார்கள் இன்னும் பல்லாண்டு ஓடும். அவற்றுக்குப் பட்டறையும் வேண்டும். அந்த இடைவெளியே கற்பதற்குரிய பருவம்.

பத்து பகாட்டிலும் பாசீர் கூடாங்கிலும் அரசின் தொழிற்பயிற்சிக் கூடங்கள் இருக்கின்றன. படிவம் ஐந்தை முடித்த மாணவனை அங்கே அனுப்பி, மின்னியலும் மின்னணுவியலும் முறையாகக் கற்கச் செய்தால், அவன் அப்பாவின் பட்டறைக்குத் திரும்பும்போது புதிய தொழிலோடு திரும்புவான். அதற்கும் முன்னதாக, தமிழ்ப்பள்ளியின் அறிவியல் வகுப்பில் மின்கலம், விளக்கு, கம்பி கொண்டு மின்சுற்று அமைக்கும் பாடத்தை மனனப் பாடமாக்காமல் கைவேலையாகக் கற்பித்தல் வேண்டும். பத்து வயதில் மின்சுற்றைத் தன் கையால் மூடி விளக்கெரித்த பிள்ளைக்கு, இருபது வயதில் மின்சாரக் கார் அச்சமூட்டும் பொருளாக இராது.

2025ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள், கோலாலம்பூரிலிருந்து மின்சார ரயில் ஜொகூர் பாருவை வந்தடையும் சேவை தொடங்கியது. 1909ஆம் ஆண்டில் முற்றுப்பெற்ற அதே வழித்தடத்தில், இரட்டைப் பாதையும் மேல்கம்பியும் அமைத்த பின்னரே அது இயன்றது. நீராவி, டீசல், மின்சாரம் என வண்டி இருமுறை மாறியது. ஒவ்வொரு முறையும் பாதையைச் செப்பனிட்டவர்க்கே வண்டி பயன் தந்தது. மின்சாரக் காரின் எதிர்காலமும் அவ்வாறே அமையும். அது வரும் என்பதில் ஐயமில்லை. அடுக்குமாடியின் கீழ்த்தளத்துக்கும், சிறு நகரத்துப் பட்டறைக்கும், குறைந்த சம்பளக்காரனின் வாசலுக்கும் அது வருமா என்பதே வினா. அதற்கு விடை தொழிற்சாலையில் இல்லை. ஆட்சியாளரின் திட்டத்திலும், குடியிருப்போரின் ஒற்றுமையிலும், பெற்றோரும் ஆசிரியரும் இப்போதே எடுக்கும் முயற்சியிலும் இருக்கிறது. கறையான் அரிக்கும் மரத்தைப் போட்டுவிட்டு வண்டியைக் குறை கூறுவதில் பயனில்லை.